அஞ்சு வெடித் துவக்கின் விலை

786
அக்குறணை
12.9.1967

அன்புள்ள லாபிர் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா பன்றி சுடும் துவக்கில், ஸ்பிரிங் கோத்திருக்கும் இரும்புத் தண்டின் அடியில், வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறது. பல வருடம் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றினால் விரலில் தெரியுமே, அப்படி.

சுகம் கேட்பதற்கு முன் இதை எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். எழுதாவிட்டால் மறந்துவிடுவேன் என்று பயந்தேன். இங்கே உம்மாவுக்கு இழுப்பு குறைவு. வாப்பாவின் காயம் முழுதாகக் காய்ந்துவிட்டது. இரண்டு கக்கத்தடியையும் வைத்துக்கொண்டு முற்றம் வரை போகிறார், தோட்டத்துக்கு ஏறுவதில்லை. உங்கள் வயிற்றுவலி எப்படி? கடையில் நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா?

போன வியாழக்கிழமை துவக்கை வாங்க ஹலீம் ஹாஜியார் வந்தார். துவக்கைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "அஞ்சு வெடின்னு பேரு, ஒண்ணோட சிக்கிக்கொள்ளுது. இருநூத்தம்பது தாறன், அதுவும் ஒங்கட மொகத்துக்கு" என்றார். வாப்பா பேரம் பேசாமல் சரி என்று தலையை ஆட்டினார். கொழும்பில் பொய்க்கால் செய்து கொடுக்கிற இடத்தில் எழுநூறு ரூபாய் கேட்டார்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். இருநூற்றைம்பதில் எப்படி நானா கால் வரும்?

ஹாஜியார் வருவதற்குள் துரு துடைத்து வை என்று வாப்பா சொன்னார். அதனால்தான் கழற்றினேன். பன்றி வந்த அன்று, முதல் வெடி போன பிறகு ஏன் அடுத்தது வரவில்லை என்று யாரும் இதுவரை கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று காலையில் கடைசியாகத் துடைத்தவர் நீங்கள்தான், ஆகவே கேட்கிறேன். அந்த வட்டத்தில் என்ன இருந்தது?

உங்கள் பதிலையும் சுகத்தையும் எதிர்பார்க்கும் தங்கச்சி,
றலியா


786
புறக்கோட்டை, கொழும்பு
24.9.1967

அன்புத் தங்கச்சி றலியாவுக்கு, நானா எழுதிக்கொள்வது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம். வயிறு பரவாயில்லை. உம்மாவுக்கு மருந்து முடிந்திருந்தால் எழுது, தபாலில் அனுப்புகிறேன்.

துவக்கை இனிக் கழற்றாதே. அது பொம்பிளைப் பிள்ளைகள் தொடுகிற சாமான் இல்லை. எண்ணெய்ப் போத்தல் பிடித்தவர்கள் எல்லாம் பட்டறைக்காரர் ஆக முடியாது. பிழைத்துப் போன துவக்கு வீட்டில் இருப்பது நல்லதில்லை. ஹலீம் ஹாஜியார் தருகிறதை வாங்கிக்கொண்டு இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடச் சொல். மீதியை நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் போயா லீவுக்கும் வரமுடியாது. சரக்குக் கணக்கெடுப்பு.

வாப்பாவுக்கு என் சலாம்.

லாபிர்


அக்குறணை
27.9.1967

கண்டி, திருகோணமலை வீதி, துவக்குக் கடை முகாமையாளர் அவர்களுக்கு.

ஐயா, தாங்கள் நலமாக இருக்க வேண்டும். துவக்குப் பெட்டிக்குள் தங்கள் கடையில் தோட்டா வாங்கிய ரசீது இருந்தது. அதில் உள்ள விலாசத்துக்கு எழுதுகிறேன்.

என்னிடம் பன்னிரண்டாம் நம்பர், ஐந்து வெடித் தானியங்கித் துவக்கு ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் செய்தது. லைசன் வருடா வருடம் அரசாங்கக் கச்சேரியில் புதுப்பித்திருக்கிறது. 1959இல் சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாப்பா வாங்கினார். இப்போது விற்க வேண்டியிருக்கிறது. இவ்வூரில் இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கேட்கிறார்கள். நியாயமான விலை என்ன என்று தெரியப்படுத்தினால் பெரிய உதவியாக இருக்கும். கடைக்கு நேரில் வர வசதி இல்லை.

இப்படிக்கு,
மு. முஹைதீன்


கண்டி
2.10.1967

திரு. முஹைதீன் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கடையில் எல்லோரும் நலம், எனக்கு மட்டும் முழங்கால்வலி. தாங்களே தங்கள் வாப்பாவாகவும் இருப்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. லைசன் புத்தகத்தில் உள்ள கையொப்பத்தை வருடந்தோறும் தோட்டா கொடுக்கும்போது பார்த்திருக்கிறேன். அது கோழி கிண்டியதுபோல் இருக்கும், இது மணி மணியாக இருக்கிறது. எழுதுகிறவர் யாரென்று சொல்வது உங்கள் விருப்பம். துவக்கு யார் எழுதினாலும் ஒரே துவக்குத்தான்.

பார்க்காமல் விலை சொல்கிறவன் வாங்க வந்தவன். நான் பார்த்துத்தான் சொல்வேன். நீங்கள் வரமுடியாது என்பதால் என் கண்ணாக நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பாருங்கள். பார்த்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

குழாய் எத்தனை அங்குலம்? பகல் வெளிச்சத்தில் குழாய்க்குள் பார்த்தால் கண்ணாடிபோல் இருக்கிறதா, கறுப்புப் புள்ளிகள் உண்டா? திருகாணித் தலைகள் சிதைந்திருக்கின்றனவா? சிதைந்திருந்தால் தெரியாத கை திறந்திருக்கிறது என்று அர்த்தம். மரக்கட்டையில் வெடிப்பு உண்டா? குழாயிலும் உடம்பிலும் ஒரே நம்பரா? எத்தனை வெடி தொடர்ந்து போகிறது?

கடைசிக் கேள்விதான் விலை. மற்றதெல்லாம் பேரம்.

ராஜலிங்கம்


அக்குறணை
9.10.1967

மதிப்புக்குரிய ராஜலிங்கம் ஐயா அவர்களுக்கு,

தங்கள் முழங்கால்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கறுப்பு உழுந்து எண்ணெய் போட்டு உருவினால் உம்மாவுக்கு வலி குறையும்.

மன்னிக்க வேண்டும் ஐயா. எழுதுவது அவருடைய மகள் றலியா. வயது பதினாறு. ஏழாம் வகுப்போடு பாடசாலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது, எழுத வரும்.

தோட்டா இல்லை. இரண்டு தடவை பார்த்தேன். பிறகு மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

குழாய் தையல் நாடாவில் இருபத்தெட்டு அங்குலம். முற்றத்தில் நின்று வெளிச்சத்துக்குப் பிடித்தேன். உள்ளே கண்ணாடிபோல் இருக்கிறது. வாய்ப்பக்கம் ஒரு சாண் உள்ளே மூன்று புள்ளிகள், எள்ளு அளவு. திருகாணிகள் சிதையவில்லை. கீழ்க்கட்டையில் ஒரு வெடிப்பு, என் சுண்டுவிரல் நீளம். அது துரையிடம் வாங்கும்போதே இருந்ததாம். நம்பர் இரண்டும் ஒன்று.

எத்தனை வெடி என்பதற்கு உள்ளதை எழுதுகிறேன். எங்கள் வாப்பா எட்டு வருடம் ஐந்தும் சுட்டிருக்கிறார். இந்த மே மாதம் பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் மரவள்ளிப் பாத்திக்குள் பன்றி இறங்கியது. முதல் வெடி பட்டது, சாகவில்லை. இரண்டாவது வரவில்லை. சுட்ட தோட்டாவின் வெறும் கூடு பாதி வெளியே வந்து சிக்கி நின்றது. பன்றி திரும்பி வந்து வாப்பாவின் காலைக் கிழித்தது. புண் பழுத்து, கண்டி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். துவக்கு விற்றால்தான் பொய்க்கால் வாங்கலாம். அதனால் எனக்குச் சரியான விலை தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று. கீழ்க்கட்டையைக் கழற்றினால் தண்டில் ஸ்பிரிங் இருக்கிறது. அதன் முன்பக்கம் ஓர் இரும்பு வளையமும் ஒரு பித்தளைத் துண்டும். ஆனால் ஸ்பிரிங்கின் பின்னால், தண்டின் அடியில், வெள்ளையாக ஒரு வட்டம் பதிந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அந்த வளையத்தை அங்கே வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

தங்களுக்கு நல்ல சுகம் வேண்டி,
மு. றலியா


கண்டி
14.10.1967

அன்புள்ள பிள்ளை றலியாவுக்கு,

உழுந்து எண்ணெய் போட்டேன், வீடே மணக்கிறது. மனைவி திட்டுகிறாள், வலி கொஞ்சம் குறைவு.

முப்பது வருடத்தில் இப்படி ஒரு விபரம் எனக்கு யாரும் எழுதியதில்லை. துவக்கைப் பார்த்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

அந்த வளையம் ஒரு பிரேக். பலமான தோட்டா போடுகிறவர்கள் அதை ஸ்பிரிங்குக்கு முன்னால் போடவேண்டும். மெல்லிய தோட்டாவுக்குப் பிரேக் வேண்டாம், வளையத்தைக் கழற்றி ஸ்பிரிங்குக்குப் பின்னால், அடியில் வைத்துவிடவேண்டும். உங்கள் வாப்பா என்னிடம் வாங்குவது மெல்லியதுதான். எட்டு வருடம் அடியில் இருந்ததால்தான் அந்த வெள்ளை வட்டம். வளையம் முன்னால் இருக்க மெல்லிய தோட்டா சுட்டால், குழாய் முழுதாகப் பின்னுக்கு வராது, கூடு சிக்கும். துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுகிறவர்கள் செய்கிற பிழை இது. மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். துவக்கில் பிழை இல்லை.

இப்போதைய நிலையில் புதுத் துவக்கு வருவதே அருமை. ஐந்தும் சுட்டுக் காட்டினால் எண்ணூறு. ஒன்றோடு நின்றால், உதிரிக்கு இருநூறு. உங்கள் ஊர்க்காரர் ஐம்பது கூட்டித்தான் கேட்டிருக்கிறார்.

வாப்பா கையொப்பமிட்ட கடிதத்தோடும் லைசனோடும் பொறுப்பான ஒருவர் கொண்டுவரட்டும். நீங்களும் வாருங்கள். சுடுவது நான். பேச வராவிட்டால் பேசவேண்டாம்.

ராஜலிங்கம்


786
அக்குறணை
20.10.1967

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவும் உம்மாவும் சுகம். மிளகுக் கொடி இந்த மழைக்கு நன்றாகத் தழைத்திருக்கிறது. உங்களுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

வளையத்தை வெள்ளை வட்டத்தின் மேல் திரும்ப வைத்துவிட்டேன். அது எங்கே இருக்கவேண்டும், ஏன் இருக்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். கண்டியில் ஒரு பெரியவர் எழுதினார். துவக்கின் விலை எண்ணூறு. காலுக்குப் போதும்.

யாருக்கும் சொல்லவில்லை. அன்று காலை உங்கள் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு இருந்தது நான்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு மேல் இதில் எழுதவில்லை.

ஹலீம் ஹாஜியாருக்கு விற்கவில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கண்டிக்குக் கொண்டுபோகிறோம். பதில் எழுதுங்கள் நானா.

றலியா


786
அக்குறணை
21.11.1967

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உம்மாவின் மருந்துப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு வரி இருக்கும் என்று கடதாசியையெல்லாம் விரித்துப் பார்த்தேன். சுகமாக இருக்கிறீர்களா?

நேற்று கண்டிக்குப் போனோம். வாப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார், உம்மா வற்புறுத்திய பிறகு கடிதத்தில் கையொப்பம் வைத்தார். ஹுஸைன் மாமா தன்னுடைய ஹயர் காரில் கூட்டிப்போனார். உம்மாவும் நானும் பின்னால், துவக்குப் பெட்டி எங்கள் மடியில். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இறங்கி வீட்டுக்கு நடந்துவிடலாம் என்று இருந்தது.

ராஜலிங்கம் ஐயா மெலிந்த மனிதர். என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. கடைக்குப் பின்னால் மண் மூட்டை அடுக்கிய சுவர் இருக்கிறது. ஐந்து தோட்டா போட்டார். ஐந்தும் போயின நானா. கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீமெந்தில் விழுந்து உருண்டன. உம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுதா.

அப்போதுதான் ஹுஸைன் மாமா கேட்டார். "அப்ப அண்டைக்கு ஏன் சுடல்ல? நல்ல துவக்கு திடீர்னு எப்பிடி சிக்கும்? ஆரோ கை வெச்சு ஈக்கணும்."

கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா துணியால் துவக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தார். உம்மா என்னைப் பார்த்தா. கடைசியாகத் துடைத்தது யார் என்பது உம்மாவுக்கும் தெரியும். அவ வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "தோட்டா ஈரம் மாமா. டின்ன மூடாம வெச்சது நான்தான்."

அத்தனை ஆண்கள் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஈரத் தோட்டாவா? வாப்பாட கால் போனது ஒன்ட மறதியாலயா?" என்றார் மாமா. உம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. வாப்பாவிடம் உம்மாதான் சொன்னா. வாப்பா கேட்டுவிட்டுத் தஸ்பீஹ் மாலையை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

எண்ணூறு என்று முடிவாகிவிட்டது. வாங்குகிறவருக்குக் கச்சேரி அனுமதி வரும்வரை துவக்கு எங்கள் அலுமாரியில்தான் இருக்கும். நோன்பு வருகிறது. பெருநாளைக்கு வாருங்கள். இனி உங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

றலியா


786
புறக்கோட்டை, கொழும்பு
27.11.1967

றலியா, வ அலைக்குமுஸ்ஸலாம்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய்?

எனக்குத் தெரியும். வாப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மூன்றாம் நாளே தெரியும். கடைக்குத் திரும்பிய அன்று, இங்கே பக்கத்துக் கடையில் ஒருவர் இதே மாதிரித் துவக்கைப் பூட்டுவதைப் பார்த்தேன். அவர் வளையத்தை எடுத்து, எந்தப் பக்கம் என்று யோசித்தார். நான் யோசிக்கவில்லை. அவசரமாகப் பூட்டினேன், அன்று பின்னேரம் கிரிக்கெட் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் வாப்பாவின் கால் இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும். அதனால் வரவில்லை. துவக்கை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் போதும் என்று இருந்தேன்.

உன் தலையில் இது இருக்கக் கூடாது. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் வருகிறேன். நானே சொல்கிறேன். அதுவரை வாப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. உம்மாவின் பேச்சைப் பொறுத்துக்கொள்.

எல்லோருக்கும் சலாம்.

லாபிர்


கண்டி
5.12.1967

அன்புள்ள பிள்ளை றலியாவுக்கு,

நோன்பு பிடிக்கிற உங்கள் வீட்டாருக்கு என் வாழ்த்து. முழங்கால் மறுபடியும் மழைக்குக் குடைகிறது.

மதிப்பீட்டுப் பத்திரத்தை வாப்பாவின் பெயருக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல நிலை, ஐந்து வெடி, கீழ்க்கட்டையில் பழைய வெடிப்பு ஒன்று, விலை எண்ணூறு ரூபாய். அனுமதி தை மாதம் கிடைக்கும்.

ஈரத் தோட்டா வெடிக்காது, பிள்ளை. வெடித்த பிறகு கூடு சிக்கினால் அதற்கு ஈரம் காரணம் இல்லை. இதை அன்று கடையில் நான் சொல்லவில்லை. பத்திரத்திலும் எழுதவில்லை. துவக்கை மதிப்பிடத்தான் எனக்குத் தெரியும்.

ராஜலிங்கம்


அக்குறணை
19.12.1967

மதிப்புக்குரிய ராஜலிங்கம் ஐயா அவர்களுக்கு,

பத்திரம் கிடைத்தது. தங்கள் சுகத்துக்கு வாப்பாவும் துஆச் செய்கிறார். உழுந்து எண்ணெய் ஒரு போத்தல் ஹுஸைன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மனைவியார் மன்னிக்க வேண்டும்.

தாங்கள் சொல்லாமல் விட்டதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதனால் நடந்ததைத் தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பத்திரத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தா. வாப்பா என்னைப் பக்கத்துக் கதிரையில் உட்காரச் சொன்னார்.

"மகள், தோட்டா ஈரமில்ல. மொத வெடி போனது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியால வந்த கெழமையே, நீங்க ரெண்டு பேரும் கலியாண ஊட்டுக்குப் போன நேரம், கழட்டிப் பாத்தேன். வளையம் எங்க ஈந்திச்சு, ஆர் போட்டது எல்லாம் தெரியும்."

"அப்ப ஏன் வாப்பா அப்பிடியே வெச்சீங்க? ஏன் ஹாஜியாருக்கு அந்த வெலைக்கு ஓம் சொன்னீங்க?"

"நல்ல துவக்குன்னு வித்தா, அப்ப அண்டைக்கு ஏன் சுடல்லேன்னு ஊர் கேக்கும். ஹுஸைன் கேட்டான்தானே. லாபிர்ட பேர் வெளிய வரும். கால் போனா போகுது, மகன் வரணும்."

நான் அழுதேன் ஐயா. வாப்பா தன் சால்வையை நீட்டினார். பிறகு சொன்னார், "எனக்குத் தெரியும்னு அவனுக்கு எழுதாத. அவனா வந்து சொல்லட்டும். ஏழு மாசமா அதுக்குத்தான் காத்துக்கொண்டு ஈக்கிறேன்."

"நான் சொன்ன பொய்?"

"அத உம்மாட்ட நான் பாத்துக்கொள்றேன். நீ நல்லாப் பொய் சொல்லல்ல மகள். துவக்கப் பத்தித் தெரிஞ்ச ஆளுக்கு முன்னால சொல்லி ஈக்கிறாய்."

அன்றிரவே வாப்பா என்ன சொன்னாரோ தெரியாது. காலையில் உம்மா கூப்பிட்டு என் தலையை வாரிவிட்டா.

தங்கள் மீது மரியாதையுடன்,
மு. றலியா


786
அக்குறணை
26.12.1967

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் நல்ல சுகம். உம்மா என்னோடு பேசுகிறா. உங்களுக்கென்று சீனி வெங்காயம் வதக்கி வைக்கப் போகிறா. வாப்பா இன்று கக்கத்தடியோடு மிளகுத் தோட்டத்தின் முதல் கட்டு வரை ஏறினார். கொழும்பில் கால் அளவு எடுக்கத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களே கூட்டிப்போகலாம்.

நீங்கள் சொன்னபடி வாப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பத்திரமாக வந்து சேருங்கள். உங்கள் வருகையை எதிர்பார்க்கும்,

றலியா

பி.கு.: அஸர் தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்தேன். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத் துவக்கைக் கழற்றினேன். வளையத்தை உருவி எடுத்து, துடைத்து, வாப்பாவின் கதிரைக்கு எதிரே நீங்கள் உட்காரும் இடத்தில், மேசைமேல் வைத்தேன். நீங்கள் வந்து பூட்டும்வரை அது அங்கேயே இருக்கும்.